முரசும் அரசும்: புருண்டி முரசுக் குழுவினரின் கலை

கிழக்கு ஆப்பிரிக்க நாடாகிய புருண்டியின் கிருண்டி மொழியில் 'இங்கோமா' என்னும் சொல் முரசையும் குறிக்கும், அரசையும் குறிக்கும். அந்நாட்டு முரசுக் குழுவினரின் கலையை மதிப்பிடப் புகும் நாம் இவ்விரு பொருளையும் ஒருங்கே மனத்திற்கொள்ள வேண்டும். இக்கலையின் பெருமையும் அதற்கு நேர்ந்துள்ள இடுக்கணும் இச்சொல்லிலேயே அடங்கியுள்ளன.

முன்னாளில் இம்முரசுகள் மன்னனின் முடிசூட்டு விழாவிலும் அடக்கச் சடங்கிலும் சோள விதைப்பு விழாவிலும் முழங்கின. விதைப்பு விழா பெல்ஜியர் ஆட்சிக் காலத்தில் நின்றுபோயிற்று. முடியாட்சியும் 1966-இல் ஒழிந்தது. ஆயினும் முரசு ஓயவில்லை. கிடேகா நகரையடுத்த கிஷோரா போன்ற ஊர்களில் மரபுவழி வந்தோர் அதனைக் காத்தனர். அரசன் மறைந்தபின் முரசு மக்களுடையதாயிற்று எனலாம்.

ஆட்டத்தின் அமைப்பே ஆழ்ந்த பொருளுடையது. ஒரே அடிமரத்தைக் குடைந்து, ஆட்டக்காரர் தலைமேல் சுமந்துவரும் முரசுகள், எப்பொழுதும் ஒற்றைப்படை எண்ணிக்கையில், நடுமுரசைச் சூழ அரைவட்டமாக நிறுத்தப்படுகின்றன. 'அமஷாக்வே' என்னும் முரசுகள் மாறாத தாளத்தை இடையறாது தாங்கி நிற்க, 'இபிஷிகிஸோ' என்பவை 'இன்கிரான்யா' எனப்படும் நடுமுரசின் போக்கைப் பின்பற்றுகின்றன. ஒருவர் நடுவே வந்து, துள்ளிக் குதித்து, முழக்கித் தம் இடத்திற்குத் திரும்புகிறார், அடுத்தவர் வருகிறார். நடுவிடம் எவருக்கும் நிலையான உரிமையன்று.

1967-இல் பிரான்சு நாட்டவர் பதிவு செய்த ஒலியைக் கனடியப் பாடகி ஜோனி மிச்சல் 1975-இல் தம் பாடலொன்றிற்குப் பின்னணியாக்கினார். அதனால் புகழ் பரவியது உண்மையே. ஆனால் உடலும் ஒலியும் ஒன்றாயுள்ள கலையில் ஒலியை மட்டும் பிரித்தெடுத்தால், தாளம் கிடைக்கும். இடம் மாறி நிற்கும் அவ்வொழுங்கு கிடைக்காது.

இதனினும் பெரிய கேள்வி நாட்டினுள்ளேயே எழுந்தது. 2014-இல் யுனெஸ்கோ இக்கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. சில ஆண்டுகளாகப் பெண்களும் முரசறையத் தொடங்கியிருந்தனர். 2017 அக்டோபரில் அதிபர் என்குருன்சிசா பிறப்பித்த ஆணையோ, பெண்கள் முரசறைவதைத் தடுத்தது. ஆட்டத்தை அரசு விழாக்களோடு கட்டி, பிறவிடங்களில் நிகழ்த்த அமைச்சகத்தின் இசைவையும் வேண்டிற்று. மரபைக் காப்பதே நோக்கம் எனப்பட்டது.

பண்டு முரசறைந்தோர் ஆடவரே என்பது மெய். எனினும் முரசின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களை நோக்குவோம்: வயிறு, கொப்பூழ், தாய்மார் அணியும் தலைப்பட்டம், குழந்தையைச் சுமக்கும் தோல். தாயின் உடலாகவே எண்ணப்பட்ட கருவியைத் தாய் தொடலாகாது என்பது மரபின் குரலா, ஆட்சியின் குரலா?

முடி வீழ்ந்தபோதும் முரசு பிழைத்தது. மக்களின் கைகள் அதனை விடவில்லை. அக்கைகளை எண்ணிக் குறைக்கும் ஆணை முரசைக் காப்பதாகாது; அதனை மீண்டும் அரசின் உடைமையாக்குவதேயாகும் என்பது நம் துணிபு.