ரயில் நின்ற தடத்தில் ஒரு நடை

'நடை' என்ற சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. காலால் நடப்பது நடை. எழுத்தின் போக்கும் நடை. ஒழுக்கத்தையும் 'நடத்தை' என்றே சொல்கிறோம். ஆகவே, மக்கள் நடக்கும் பாதையைப் பார்த்தால் ஓர் ஊரின் நடத்தை தெரியும் என்பது அடியேன் கருத்து.

கரோல் பாகில் ஆரணிப் பட்டு விற்றே வயது அறுபதைத் தாண்டியவன் நான். சேலை வாங்குகிறவர்கள் முந்தானையைப் பார்ப்பார்கள். கடைக்காரன் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்பான். இந்தக் கட்டுரையும் அப்படித்தான்.

ஓட்டம் நின்ற ரயில் பாலங்களை நடைபாதை ஆக்குவது இன்று உலகெங்கும் நடக்கிறது. பாரிஸ் நகரில் 1969-இல் ரயில் நின்றுபோன உயர்பாலம், 1993-இல் பூங்காப் பாதையாகத் திறக்கப்பட்டது. நியூயார்க்கில் 1980-இல் கடைசி ரயில் ஓடிய பாலம் 2009-இல் பாதையாயிற்று. தமிழர் வாழும் சிங்கப்பூரிலும் ஒன்று உண்டு. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை மலேசிய ரயில் ஓடிய 24 கிலோமீட்டர் தடம் அது. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் போனது. நிலத்தைக் கூறுபோட்டு விற்காமல் பசுமைப் பாதையாகக் காக்க வேண்டும் என்று இயற்கைச் சங்கத்தார் 2010-லேயே கேட்டார்கள்.

மகன் வீட்டுக்குப் போனபோது அதில் நடந்தேன். புக்கிட் தீமாவில் 1932-இல் கட்டிய இரண்டு இரும்புப் பாலங்களைச் செப்பனிட்டு, 2021-இல் திறந்திருக்கிறார்கள். கீழே கார்கள் பறக்கின்றன. மேலே கிழவர்களும் குழந்தைகளும் நிதானமாகப் போகிறார்கள். பகட்டான அலங்காரம் கிடையாது. மண்ணுக்கு அங்கே பொன் விலை. அப்படியிருந்தும் விற்காமல் விட்டார்களே, அதுதான் முந்தானை. மனமாரப் பாராட்டுகிறேன்.

இனிப் பின்பக்கம். தண்டவாளத்தைக் கழற்றி மலேசிய ரயில்வேக்குத் திருப்பித் தந்துவிட்டார்கள். நினைவுக்காகச் சில இடங்களில் மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். போகட்டும். ஆனால் இந்தப் பாதையைப் புகழ்கிறவர்கள் பறவையைப் பேசுகிறார்கள், இரும்பைப் பேசுகிறார்கள். ஜல்லி சுமந்த கைகளைப் பற்றிப் பேசுவது குறைவு. மலாயா ரயில்வேயில் உழைத்தவர்களில் நம்மவர் எத்தனை பேர்! குவீன்ஸ்டவுன் பகுதியில் தண்டவாளத்தின் ஓரமாக ரயில்வேத் தொழிலாளர்கள் ஒரு குடிசையில் முனீஸ்வரனை வைத்துக் கும்பிட்டார்கள். அதுவும் 1932-தான்! அந்தக் கோவில் இன்று காமன்வெல்த் டிரைவில் கோபுரத்தோடு நிற்கிறது. பாலத்துக்கு வயது சொல்கிறவர்கள், அதே வயதுள்ள கோவிலையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

எங்கள் சமண முனிவர்கள் வாகனம் ஏறுவதில்லை. நடக்கும்போதும் ஓர் உயிரும் மிதிபடாதபடி நாலு முழம் முன்னே தரையைப் பார்த்துத்தான் அடியெடுத்து வைப்பார்கள். இதற்கு 'ஈர்யா சமிதி' என்று பெயர். பழைய தடத்தில் நடக்கிற நமக்கும் இது பொருந்தும். நம் காலடியில் கிடப்பது வெறும் மண் அல்ல, பிறர் உழைப்பு.

நம் தில்லியில் யமுனை மேல் 1866-இல் எழுந்த 'லோஹே கா புல்' இருக்கிறது. மேல்தட்டில் ரயிலும் கீழ்த்தட்டில் சாலையுமாகக் கட்டியது. அதையும் ஒருநாள் நடைபாதையாக்க யாரேனும் முன்வந்தால் வரவேற்போம். பூந்தொட்டி பிறகு வைக்கலாம். அந்த இரும்பைச் சுமந்தவர்களுக்கு முதலில் ஒரு பலகை வைக்கட்டும். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நாம் கேட்காவிட்டால், வேறு யார் கேட்பார்கள்?