நிறுத்திப் பார்க்கும் உரிமை

‘அது பேய்ப்படம்தானே, அதில் போய்ப் பெண்ணியம் பேசலாமா?’ வகுப்பில் ஒரு மாணவி ஏதேனும் படத்தைக் குறைசொன்னதும் இந்தக் கேள்வி எழுகிறது. காதல் படமென்றால், ‘காதல் படம்தானே.’ நகைச்சுவையென்றால், ‘சிரிக்கத்தானே.’ படத்தை எடைபோட உதவ வேண்டிய வகைமை, படத்துக்குக் கிடைத்த முன்ஜாமீனாகிவிடுகிறது.

ஒவ்வொரு வகைமையும் நமக்கு ஒரு வாக்குத் தருகிறது. பேய்ப்படம் பயமுறுத்துவதாக, காதல் படம் இரு மனங்களைச் சேர்ப்பதாக. அந்த வாக்கைப் படம் காப்பாற்றியதா என்பது முதல் கேள்வி. அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பது இரண்டாவது. இந்த இரண்டாம் கேள்விக்கு வீடு வசதியான இடம். திரையரங்கில் படம் நமக்காக நிற்காது. வீடியோ கேசட் வந்த நாளிலிருந்து வீட்டில் நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், மறுபடி பார்க்கலாம்.

திரையில் பெண் ஆண்நோக்குக்கான காட்சிப்பொருளாவதைப் பற்றி 1975இல் எழுதிய லாரா மல்வி, 2006இல் வெளியான நூலில் இந்த நிறுத்தும் வசதியை ஆராய்ந்தார். நிறுத்துகிறவர்களில் இரு வகையினரை அவர் காண்கிறார். பிம்பத்தை உடைமையாக்கிக்கொள்ள நிறுத்துபவர் ஒருவர். யோசிக்க நிறுத்துபவர் இன்னொருவர். பொத்தான் ஒன்றுதான். விமர்சனம் அதை எங்கே அழுத்துகிறோம் என்பதில் தொடங்குகிறது.

ரிட்லி ஸ்காட்டின் ‘ஏலியன்’ (1979) படத்தை எடுத்துக்கொள்வோம். பாத்திரங்களை ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் நடிக்கலாம் என்ற குறிப்போடு எழுதப்பட்ட கதை அது. இறுதியில் விண்கலத்தில் ரிப்ளி உள்ளாடையோடு நிற்கும் காட்சியில் நிறுத்துவோர் உண்டு. நான் மாணவிகளை அதற்கு வெகுமுன்பே நிறுத்தச் சொல்கிறேன். தொற்று ஏற்பட்ட சக ஊழியரை உள்ளே விட ரிப்ளி மறுக்கிறாள்; விதி அதைத்தான் சொல்கிறது. ஆஷ் அவளை மீறிக் கதவைத் திறக்கிறான். அதன்பின் நிகழும் மரணங்களெல்லாம் ஒரு பெண்ணின் சொல் மதிக்கப்படாததிலிருந்து தொடங்குகின்றன. பயமுறுத்தும் வாக்கைப் படம் அபாரமாகக் காப்பாற்றுகிறது. கடைசிக் காட்சியில் கேமரா அவள் உடலை அணுகும் விதம் அந்தப் பயத்துக்கு அவசியமா என்று அப்புறமும் கேட்கலாம். இரண்டையும் சொல்வதுதான் நேர்மை.

மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’ (1986) காதல் படம். தொலைக்காட்சியில் எத்தனையோ முறை பார்த்த படம். கார்த்திக் வரும் பகுதிக்கு எல்லோரும் ஓட்டிச் செல்வார்கள். ரேவதியின் திவ்யா, கணவன் தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் இருப்பதாகச் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். தந்தையின் நெஞ்சுவலிக்காகச் சம்மதித்த திருமணம் அது. என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும் கணவனிடம் அவள் விவாகரத்தைக் கேட்கிறாள். மனைவிக்கும் மறுக்கும் உரிமை உண்டு என்பதை வணிகப் படமொன்று இவ்வளவு தெளிவாகப் பேசியதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் சேர்த்துவைக்கும் வாக்கைக் காப்பாற்ற யார் மாற வேண்டியிருக்கிறது? அவன் பொறுமையாக இருந்தால் போதும். அவள் தன் மறுப்பையே கைவிட வேண்டும்.

சாந்தல் ஆக்கர்மானின் ‘ழான் டீல்மன்’ (1975) மூன்று மணி இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடும் படம். 2022இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழின் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது. ஒரு விதவைத் தாய் உருளைக்கிழங்கு உரிப்பதை, பாத்திரம் துலக்குவதை, அசையாத கேமரா முழுதாகக் காட்டுகிறது. வீட்டில் பார்க்கும்போது விரல் தானாக வேகமாய் ஓட்டும் பொத்தானுக்குப் போகும். அந்த அவசரத்தைக் கவனியுங்கள். வீட்டுவேலை பார்க்கத் தகுந்ததல்ல என்று நமக்குள்ளும் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். ஓட்டிவிட்டால், இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துபோவது எவ்வளவு பெரிய விபத்து என்பது புரியாமலே போகும்.

நிறுத்தும் உரிமை எல்லோருக்கும் ஒன்றுபோல் வாய்ப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில் நேரடியாக இணையத்தில் வெளியான ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ படத்தைப் பல பெண்கள் துண்டுதுண்டாகத்தான் பார்த்திருப்பார்கள்: குக்கர் விசிலுக்கு எழுந்து, யாருக்கோ தண்ணீர் கொடுத்து, விட்ட இடத்தைத் தேடி. படத்தில் ஒழுகும் சமையலறைக் குழாயும் பார்ப்பவளின் சமையலறையும் ஒரே சுவருக்கு இருபுறமும் இருக்கின்றன. இடையறாமல் பார்த்தவரே சரியாகப் பார்த்தவர் என்ற பழைய எண்ணம் இங்கே செல்லாது. எழுந்து போனவளுக்கும் படத்தைப் பற்றிச் சொல்ல இருக்கிறது, ஒருவேளை கூடுதலாகவே.

ஆகவே விமர்சனம் எழுத உட்காரும் மாணவிகளிடம் இரண்டு குறிப்புகளைக் கேட்கிறேன். படத்தை எங்கே, எதற்காக நிறுத்தினீர்கள்? நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டில் யார் எழுந்து போனார்கள்? கதைச்சுருக்கத்தை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.