ஜீனோவின் மனச்சான்று

கூடுவாஞ்சேரியிலிருந்து மின்தொடர் வண்டியில் சென்னை செல்கையில் குரோம்பேட்டை வரும்போதெல்லாம் நமக்கு எழுத்தாளர் சுஜாதாவின் நினைவு எழும். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் கற்ற ரங்கராஜன், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் பயின்றார். பின்னாளில் மனைவியின் பெயரையே புனைபெயராகச் சூடிக்கொண்டார். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

மக்களின் தெரிவைப் பதிவுசெய்யும் பொறிக்காக உழைத்த அதே மனிதர், தெரிவுரிமையை இழந்த மக்களைப் பற்றி 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய தொடரே ‘என் இனிய இயந்திரா’. கதை நிகழ்வது 2020களின் தொடக்கத்தில். அவ்வாண்டுகளை இன்று நாம் கடந்துவிட்டோம். அந்நாட்டில் பெயர்கள் இரண்டெழுத்தாகச் சுருக்கப்படுகின்றன. குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். அனைவரும் போற்றும் தலைவர் ஜீவாவோ வெறும் ஒளியுருவம் என்பது பின்னர் வெளிப்படுகிறது. கணவன் சிபியைக் காணாது தவிக்கும் நிலாவுக்கு உற்ற துணையாவது ஜீனோ என்னும் இயந்திர நாய். அது நூல்களைப் படிக்கிறது, ஐயுறுகிறது, வினவுகிறது.

குறையொன்றும் சொல்லவேண்டும். வாரத் தொடருக்குரிய விரைவு, நிலாவின் துயரத்தருகே நம்மைச் சற்றே அமரவிடுவதில்லை. அடுத்த திருப்பம் நம்மை இழுத்துச் செல்கிறது. ஆயினும் நூல் எழுப்பும் கேள்வி நெஞ்சைவிட்டு அகலவில்லை. மனிதர் கைவிட்ட மனச்சான்றை ஓர் இயந்திரம் சுமக்க நேர்ந்தது ஏன்? குருமடத்தில் மனச்சான்றைப் பற்றிப் பல பாடங்கள் கற்ற நமக்கும் இக்கேள்வி எளிதன்று.

அண்மையில் பங்கு இளைஞர் ஒருவர், தம் பாட்டியின் அடக்கத் திருப்பலியில் வாசிக்கவிருந்த உரையைக் கணினியிடம் எழுதி வாங்கிவந்து காட்டினார். அதில் பிழையே இல்லை, பாட்டியும் இல்லை. “தம்பி, நீயே எழுதேன்” என்றோம். மறுநாள் கொணர்ந்த தாளில் எழுத்துப்பிழைகள் இருந்தன. பாட்டியின் வெற்றிலைப்பெட்டியும் இருந்தது. கோவிலில் பலர் கண்ணீர் விட்டனர்.

2008 பெப்ரவரி 27 அன்று சுஜாதா மறைந்தார். இயந்திரத்தை அவர் நேசித்தார். மனிதர் தம் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டு உறங்குவதையே அஞ்சினார் என நாம் கருதுகிறோம். இந்நூலை நம் இளையோர் கையில் கொடுப்போம்; நாமும் உடனிருந்து வாசிப்போம்.