கடின எஃகும் 40 கிலோ லேத்தும்

வீட்டுப் பட்டறைக்கு லேத் தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது ஏழு அங்குல மினி லேத். சீனாவின் சீக் நிறுவனம் சி3 என்று செய்யும் இந்த வகையைப் பல நாடுகளில் பல பெயர்களில், பல வண்ணங்களில் விற்கிறார்கள். எடை சுமார் 40 கிலோ. பெட்டுக்கு மேல் 180 மி.மீ. விட்டம் வரை சுழலும். வேகம் நிமிடத்துக்கு 2,500 சுற்று வரை போகும். அலுமினியம், பித்தளை, மைல்டு ஸ்டீல் வேலைகளில் கொடுத்த காசுக்கு உழைத்துவிடும். பழைய பேரிங் வளையத்தையோ ஹார்டனிங் செய்த ஷாஃப்ட்டையோ சக்கில் மாட்டும்போதுதான் அதன் சாயம் வெளுக்கிறது. பழி பெரும்பாலும் டூல் மேலோ மோட்டார் மேலோ விழுகிறது. உண்மையான குறை லேத்தின் உடம்பில் இருக்கிறது.

டூலையே முதலில் பார்ப்போம். எச்.எஸ்.எஸ். டூலின் கடினம் ராக்வெல் சி அளவில் ஏறத்தாழ 62 முதல் 65. ஹார்டனிங் ஆன பேரிங் எஃகு 60-ஐத் தாண்டி நிற்கிறது. இரண்டும் ஏறக்குறைய சமபலம் என்பதால் முனை சூடேறி மழுங்குவதில் வியப்பில்லை. வைரமும் இங்கே உதவாது. வெட்டும் சூட்டில் அதன் கார்பன் இரும்போடு கலந்து முனை கரைந்துவிடும். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கும் சி.பி.என். என்ற போரான் சேர்மத்தை, 1957-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ராபர்ட் வென்டார்ஃப் உருவாக்கினார். அதில் செய்த இன்சர்ட் (டூலில் பொருத்தும் வெட்டு முனை) கடின எஃகை வெட்டும். ஆனால், எந்த லேத்தில் என்பதுதான் கேள்வி. கடின எஃகில் மெல்லிய கட் கொடுக்கும்போது, டூலைக் கீழே அழுத்தும் விசையைவிட வேலைப்பொருளிலிருந்து பின்னே தள்ளும் விசை ஓங்கிவிடுகிறது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள லேத் அதைத் தாங்கி நிற்கும். மினி லேத்தின் காம்பவுண்ட் ஸ்லைடோ வளைந்து கொடுக்கும். டூல் வெட்டாமல் உரசும். பிறகு அதிரத் தொடங்கும். கார்பைடும் சி.பி.என்.னும் கடினமானவைதான், ஆனால் நொறுங்கும் இயல்புள்ளவை. அதிர்வில் முதலில் உதிர்வது விலை உயர்ந்த அந்த முனைதான். மெல்லிய கட்டுக்கு அதிக சக்தி தேவைப்படாது. ஆகவே மோட்டாரைப் பழிப்பதும் நியாயமில்லை.

லேத்தை வலுப்படுத்தலாமே என்பார்கள். காம்பவுண்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கெட்டியான எஃகுக் கட்டை வைப்பது, பால் பேரிங்கை மாற்றி டேப்பர் ரோலர் பேரிங் போடுவது, ஜிப்பை இறுக்குவது எல்லாமே பலன் தரும். அப்போதும் கிடைப்பது ஃபினிஷிங் கட் மட்டுமே. கீவே வெட்டிய ஷாஃப்ட் போல, சுற்றுக்குச் சுற்று டூலில் இடிக்கும் வேலைக்கு அது போதாது. கடினத்தோடு மல்லுக்கட்டுவதைவிட அதைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம். எண்ணெயில் முக்கினால் இறுகும் ஓ.எச்.என்.எஸ். எஃகு மென்மையான நிலையில்தான் விற்பனைக்கு வருகிறது. கிரைண்டிங்குக்குக் கொஞ்சம் விட்டுவைத்துக் கடைந்து, சுமார் 800 டிகிரி செல்சியஸில் காய்ச்சி எண்ணெயில் முக்கி, டெம்பரிங் செய்து, கடைசியாக கிரைண்டிங் செய்தால் அளவு கைக்குள் இருக்கும்.

பழைய பாகத்தைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து இளக்கலாமே என்பது அடுத்த கேள்வி. உளி, பஞ்ச் போன்றவற்றுக்குச் சரிதான். டி2 போலக் காற்றிலேயே இறுகும் எஃகு இந்த வைத்தியத்துக்கு மசியாது. துப்பாக்கியின் போல்ட், ரிசீவர் போல வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் பாகங்களில் இதைச் செய்யவே கூடாது. அங்கே கடினத்தைக் குலைப்பது உயிரோடு விளையாடுவது.

ஆக, மென்மையான உலோகத்துக்கு இந்த லேத்தைத் தயங்காமல் வாங்கலாம். கடின எஃகுக்காக மட்டும் என்றால் வேண்டாம். அந்தக் கடைசி அளவுக்கு, கோவையிலும் அம்பத்தூரிலும் ஜாப் ஒர்க் எடுக்கும் கிரைண்டிங் பட்டறைகளே சிக்கனமான வழி.