ஏரிஸும் மார்ஸும் ஒரே கடவுளா?

கிரேக்க, ரோமானியத் தொன்மங்களை அறிமுகப்படுத்தும் நூல்கள் பலவற்றில் ஓர் அட்டவணை இடம்பெறும். சீயஸ் என்றால் ஜூபிடர், ஹீரா என்றால் ஜூனோ, அப்ரோடைட்டி என்றால் வீனஸ், ஏரிஸ் என்றால் மார்ஸ். ரோமானியர்கள் கிரேக்கக் கடவுளரை எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினார்கள் என்ற எண்ணத்தை இந்த அட்டவணை மாணவரிடம் எளிதில் உண்டாக்குகிறது. போர்க் கடவுளை வைத்துச் சோதித்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிலைப்பதில்லை.

ஹோமரின் ஏரிஸ்

இலியட் ஒரு போர்க் காவியம். ஆயினும் அதில் போர்க் கடவுளுக்கு மதிப்பில்லை. ஐந்தாம் படலத்தில் டயோமிடீஸ் என்னும் மனித வீரன், அதீனாவின் துணையோடு ஏரிஸை ஈட்டியால் குத்துகிறான். பல்லாயிரம் வீரர் சேர்ந்து கத்துவதுபோல் அலறும் ஏரிஸ், ஒலிம்பஸுக்கு ஓடித் தந்தையிடம் முறையிடுகிறான். கடவுளரில் தனக்கு மிகவும் வெறுப்பானவன் அவனே என்கிறார் சீயஸ். ஒடிசியின் எட்டாம் படலத்தில், கொல்லர் கடவுளான ஹெபைஸ்டஸ் செய்த வலையில் ஏரிஸும் அப்ரோடைட்டியும் சிக்கிக்கொள்கின்றனர். கூடி நிற்கும் கடவுளர் அதைப் பார்த்துச் சிரிக்கின்றனர். ஹோமரிடம் கொலைவெறி ஏரிஸுக்கு உரியது. அறிவோடு நடத்தும் போர் அதீனாவுக்கு உரியது. ஏதென்ஸ் நகரம் தன் காவல் தெய்வமாகக் கொண்டதும் அதீனாவைத்தான்.

ரோமின் மார்ஸ்

மார்ஸ் ரோமில் நகைப்புக்குரியவர் அல்லர். நகரை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலஸின் தந்தை அவர். பழைய ரோமானிய ஆண்டு அவர் பெயர் கொண்ட மார்ச் மாதத்தில்தான் தொடங்கியது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கேட்டோ எழுதிய வேளாண்மை நூலில், நிலத்தையும் பயிரையும் கால்நடையையும் நோயிலிருந்து காக்குமாறு மார்ஸை வேண்டும் வழிபாட்டு முறை உள்ளது. பன்றி, ஆடு, காளை ஆகியவற்றை வயலைச் சுற்றி நடத்திச் சென்று பலியிட வேண்டும். இத்தகைய உழவர் தெய்வத்தை ஹோமரின் ஏரிஸிடம் காண இயலாது. கி.மு. 2இல் அகஸ்டஸ் தம் புதிய மன்றத்தில் 'பழிதீர்க்கும் மார்ஸ்' கோயிலைத் திறந்துவைத்தார். அரசே போரைப் புனிதமாக்கிய கட்டடம் அது.

வேறுபாட்டின் பொருள்

இரு பெயர்களையும் ஒன்றாக்கியதில் கவிஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. வலையில் சிக்கிய கதையை ஓவிட் தம் 'உருமாற்றங்கள்' நூலில் மார்ஸ், வீனஸ் பெயர்களில் திரும்பச் சொல்கிறார். கதை இடம் மாறியது. ஆனால் தெய்வத்தின் தகுதி மாறவில்லை. வரலாற்றாசிரியர் லிவி தம் நூலின் முன்னுரையில், மார்ஸைத் தங்கள் தந்தை என்று ரோமானியர் சொல்லும்போது, அவர்களது ஆட்சியை ஏற்றுக்கொண்ட மக்கள் இதையும் ஏற்கத்தான் வேண்டும் என்ற கருத்தை வைக்கிறார். இங்கே தொன்மம் ஆதிக்கத்துக்கான சான்றிதழ் ஆகிறது. ஹோமர் வெட்கத்தோடு பார்த்த வன்முறையை ரோம் தன் குலப்பெருமையாக்கிக் கொண்டது. அட்டவணை மறைப்பது இந்த வேறுபாட்டைத்தான். ஒரு சமுதாயம் தன் வன்முறையை எப்படிப் பார்க்கிறது என்ற கேள்வியையும் அது சேர்த்தே மறைத்துவிடுகிறது.

இன்றைய எச்சங்கள்

உலகின் பல மொழிகளில் மூன்றாம் மாதத்தின் பெயரும் செவ்வாய்க் கோளின் பெயரும் ரோமானிய மார்ஸிடமிருந்து வந்தவை. ஆனால் 1877இல் ஆசாப் ஹால் கண்டறிந்த அக்கோளின் இரு துணைக்கோள்களுக்கும் போபோஸ், டெய்மோஸ் என்று கிரேக்கப் பெயர்கள் இடப்பட்டன. அச்சம், திகில் என்று பொருள்படும் இவை இலியட்டில் ஏரிஸோடு வருபவை. ரோம் தந்தையாக வணங்கிய கடவுளின் பெயர் கொண்ட கோளை, ஹோமர் போரில் கண்ட அச்சமும் திகிலும் சுற்றிவருகின்றன. அட்டவணையை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல் இரு மரபுகளையும் தனித்தனியே படிக்கும் மாணவருக்கே இந்தப் பெயர்களின் முழுப்பொருள் விளங்கும்.