பெண் ஆதலும் பெண் ஆக்கலும்: அம்பையின் ஒரு சிறுகதைத் தலைப்பும் அதன் ஆங்கிலப் பெயர்ப்பும்

1. முன்னுரை

சிறுமி பெண்ணாகும் பருவத்தைச் சித்திரிக்கும் தமிழ்ப் புனைகதைகள் கருப்பொருள் நோக்கில் பலவாறு ஆராயப்பட்டுள்ளன. அம்மாற்றத்தைச் சுட்டும் வினைகளின் இலக்கணம் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. மும்பையில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் அம்பை (பி. 1944) எழுதிய ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ என்னும் சிறுகதையை இந்நோக்கில் அணுகும்போது, மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் ஓர் அடிப்படைச் சிக்கல் தெளிவாகிறது.

2. பூப்பைச் சுட்டும் வினைகள்

வயதுக்கு வருதல், பெரியவளாதல், ஆளாதல், சமைதல், சடங்காதல், பூப்பெய்துதல் எனத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. ஈழத்தில் சாமத்தியப்படுதல் என்பது வழக்கு. வட்டாரத்துக்கும் சமூகத்துக்கும் ஏற்ப இவை வேறுபடுகின்றன. மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் பாலக்காட்டு, தஞ்சாவூர் வழியினரும், தாராவியில் திருநெல்வேலி வழியினரும் வாழும் மும்பையில், ஒரு வீட்டுச் சொல் மற்றொரு வீட்டில் புழங்காதிருப்பது வியப்பன்று.

சொற்கள் வேறுபட்டாலும் அமைப்பு ஒன்றே. இவை அனைத்தும் தன்வினைகள். சிறுமியே எழுவாய், ஆயினும் அவள் எதையும் செய்வதில்லை, அவளுக்கு ஒன்று நேர்கிறது. ‘சடங்காதல்’ என்பதில் பிறர் நடத்தும் சடங்கே அவள் உடலில் நிகழ்ந்ததற்குப் பெயராகிவிடுகிறது. நடத்துவோர் தொடரில் இடம்பெறுவதில்லை. பெண் ஆதல் உண்டு, ஆக்கியவர் இல்லை.

3. கதையில் வினைமுதல்

அம்பையின் கதையில், தாய் ஊரில் இல்லாதபோது சிறுமி பூப்படைகிறாள். சுற்றியிருப்போரின் பேச்சு அவள் அச்சத்தைத் தீர்க்கவில்லை. தாய் வந்தால் எல்லாம் விளங்கும் என்று காத்திருக்கிறாள். தாயோ உறவுப் பெண்ணின் வரன், பெண் கறுப்பு என்பதால் தட்டிப்போன கசப்போடு திரும்புகிறாள். கறுத்த நிறமுடைய தன் மகளுக்கு நேர்ந்ததை மற்றொரு சுமையாகக் கண்டு கடிந்துகொள்கிறாள். சிறுமியைப் பெண்ணாக்குவது குருதியன்று, அச்சொல்லே.

தலைப்பு இதனைத் தொடரமைப்பிலேயே நிறுவுகிறது. ‘அம்மா’ எழுவாய் மட்டுமன்றி வினைமுதலும் ஆகிறாள். கொல்லப்பட்டவர் யார் என்பது சொல்லப்படவில்லை. இரண்டாம் வேற்றுமைப் பெயர் நிற்கவேண்டிய இடம் வெறுமையாக உள்ளது. அவ்விடத்தை நிரப்புவது வாசகர் பொறுப்பு. ‘செய்தார்’ என்னாது ‘செய்தாள்’ என்றது மரியாதைக் குறைவன்று. வீட்டு வழக்கின் நெருக்கம். குற்றம் சாட்டும் குரல் அந்த நெருக்கத்தை இழக்கவில்லை.

4. ஆங்கிலப் பெயர்ப்பு

லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் 1992இல் வெளியிட்ட மொழிபெயர்ப்புத் தொகுப்பில் இக்கதைக்கு ‘மை மதர், ஹெர் கிரைம்’ என்று தலைப்பிட்டார். இங்கு மூன்று மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. வினைமுற்றுத் தொடர் பெயர்த்தொடராயிற்று. கொலை குற்றமாயிற்று; கொலைக்குக் கொல்லப்பட்டவர் வேண்டும், குற்றத்துக்குச் சட்டம் போதும். உடைமைச் சொல் வேண்டாத ‘அம்மா’, ‘என் தாய்’ ஆனாள்.

இத்தலைப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. நிறத்தை வைத்துப் பெண்ணை மறுக்கும் மணச்சந்தை இருக்கையில் குற்றம் தாயுடையது மட்டும்தானா என்னும் ஐயத்தை அது எழுப்புகிறது. ஆனால் அந்த ஐயம் கதைக்குள் எழ வேண்டியது. தலைப்பில் குழந்தை ஐயுறவில்லை, கண்டதைச் சொல்கிறாள்.

பாமாவின் ‘சங்கதி’யை (1994) 2005இல் பெயர்த்தவரும் ஹோம்ஸ்ட்ரோமே. அங்குத் தமிழ்த் தலைப்பு ஒலிபெயர்ப்பாக நிலைத்தது. அந்நூலின் மைக்கண்ணி சிறு வயதிலேயே தீப்பெட்டித் தொழிற்சாலைக்குச் செல்கிறாள். பூப்புக்கு முன்பே உழைப்பு அவளைப் பெரியவளாக்குகிறது. அங்கும் ‘ஆதல்’ அன்று, ‘ஆக்கல்’.

5. முடிவுரை

வழக்கு மொழி மறைக்கும் வினைமுதலை வெளிப்படுத்துவதே இப்புனைகதைகளின் பணி. ஆகவே, இவற்றைப் பெயர்ப்போர் பண்பாட்டுச் சொற்களுக்கு அடிக்குறிப்பு எழுதுவதோடு அமைதல் போதாது. யார் யாருக்கு என்ன செய்தார் என்னும் தொடர் உறவைக் காத்தல் வேண்டும். ‘அம்மா’ என்னும் சொல்லையும் வினைமுற்றையும் ஆங்கிலத் தலைப்பில் நிறுத்துவது இயலாததன்று. அவை நிற்குமாயின், தமிழில் அச்சிறுமி சொன்ன சாட்சியம் ஆங்கிலத்திலும் சாட்சியமாகவே நிற்கும்.