யோபு கேட்டதும் இறைவன் காட்டியதும்

ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியார்க்குத் துணைநின்று விவிலியத்தைத் தமிழ்ப்படுத்தினார் என்பதறிந்த சைவர்க்கு, அந்நூலைப் பயின்றே ஆராய்தல் புதிதன்று. இயற்கையின்மேல் இறைவனுக்குள்ள ஆற்றலை அந்நூல் பலவிடத்துக் கூறினும், பழைய ஏற்பாட்டு யோபு சரித்திரத்தின் 38 முதல் 41 வரையுள்ள அதிகாரங்களைப் போல் விரித்துரைக்கும் இடங்கள் சிலவே. துன்புற்றான் ஒருவன் காரணங் கேட்க, இறைவன் காரணங் கூறாது வலிமை காட்டி வாயடைத்தனன் என அப்பகுதியைக் குறைகூறுவாருளர். அக்குறை முற்றும் பொய்யன்று, முழுவதும் மெய்யுமன்று.

யோபு குற்றமற்றவன் என்பது நூலின் தொடக்கத்திலேயே பெறப்படும். மக்களையும் பொருளையும் உடல்நலத்தையும் இழந்து அவன் சாம்பலில் அமர்ந்திருக்க, நண்பர் மூவர் வந்து, துன்பம் தீவினைப் பயனாதலின் அவன் பாவஞ் செய்திருத்தல் வேண்டுமென வாதித்தனர். அவன் உடன்பட்டிலன். பின்னர்ப் பெருங்காற்றினின்று இறைவன் பேசுகின்றனன். அப்பேச்சில் யோபுவின் புண்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; அவனைச் சோதிக்கச் சாத்தானுக்கு அளித்த இசைவைப் பற்றியும் இல்லை.

உள்ளது யாதெனின், உலகம். பூமியின் அடிநிலை, பனியின் பண்டசாலை, கார்த்திகை மீன்கள், இவை நிற்க. கடலைக் கூறுமிடமே வியக்கத்தக்கது. ஜார்ஜ் சிமித் என்பார் 1876இல் நூலாக வெளியிட்ட பாபிலோனியப் படைப்புக் கதையில், மர்துக் என்னுந் தெய்வம் கடலுருவாகிய தியாமத்தைக் கொன்று, அவள் உடலைப் பிளந்து வானமைக்கின்றது. யோபு சரித்திரத்திலோ கடல் அப்பொழுது பிறந்த குழவி. முகில் அதன் ஆடை. இருள் அதனைச் சுற்றும் துணி. எல்லையும் கதவும் இடப்படுகின்றன. எனினும் பகைவனுக்கு இடப்பட்டனவாக அவை தோன்றவில்லை.

மழையும் மனிதர் இல்லாத பாலையிற் பெய்கின்றது. சிங்கக்குட்டியும் காக்கைக்குஞ்சும் இரை பெறுகின்றன. காட்டுக்கழுதை யார்க்கும் அடிமையன்று; லிவியாதானைத் தூண்டிலிட்டுப் பிடிப்பார் இலர். ஆதியாகமத்தின் முதலதிகாரம் உயிர்களை ஆளும் உரிமையை மனிதனுக்கு அளிக்க, இப்பகுதி அவனை ஓரிடத்தும் தலைவனாக வைத்திலது. அவனுக்குப் பயன்படாதனவும் இறைவன் காவலில் உள்ளன. ஆற்றலாவது அருளே எனக் கொள்ளுஞ் சித்தாந்திக்கு இவ்விடம் அயலாகத் தோன்றாது. வாயடைத்தல் ஒன்றே நோக்கமாயின் இடியும் மின்னலும் போதும். காக்கைக்குஞ்சின் பசியைக் கூற வேண்டுவதில்லை.

முடிவில் இறைவன் சினந்தது யோபுவை அன்று, நண்பரை. ஒரு பிறவியளவில் வினைக்கணக்கை முடிக்கப் புகுந்தார்க்கு அவ்வாறன்றிக் கூடுமோ? பல பிறவி கொள்ளும் சைவர்க்கு அவ்விடர் இல்லை; ஆயினும் நோயாளன் அருகிருந்து அவன் பழவினையை எடுத்துரைப்பவர் சைவருள்ளும் இலர் எனல் இயலாது. யோபுவோ, முன்பு செவியாற் கேட்டவனை இப்பொழுது கண்ணாற் கண்டதாகக் கூறி அடங்குகின்றான். காரணம் பெற்றிலன், காட்சி பெற்றான்.

எனினும் ஒன்று எஞ்சுகின்றது. இழந்த செல்வம் இரட்டித்து வருகின்றது. புதல்வர் எழுவரும் புதல்வியர் மூவரும் மீண்டும் பிறக்கின்றனர். சோதனையின் பொருட்டு வீடிடிந்து மாண்ட முதற்பதின்மர் யாது பிழை செய்தனர் என்பதற்கு, காற்றினின்றெழுந்த பேச்சிலும் விடையில்லை. கதை முடிவிலும் இல்லை.